தோற்றவர் பக்கம் நின்றோர்

வெற்றியைக் கொண்டாடும் வகையை எவரும் எவருக்கும் கற்பிக்க வேண்டுவதில்லை. மாலையும் மேளமும் தாமே வந்து சேரும். தோல்வியைத் தாங்கும் வகையோ அவ்வாறன்று. அதனைத் தலைமுறை தலைமுறையாகக் கற்கவேண்டியிருக்கிறது. வரலாற்று நூல்களும் வென்றவர் பெயரையே பெரிய எழுத்தில் பொறிக்கின்றன. தோற்றவர் பெயர் ஒரு வரியில் முடிந்துவிடும். தோற்றவருக்காகக் கோட்டிற்கு வெளியே நின்று தொண்டை வறளக் கூவி, இருட்டிய பின் வாய்பேசாமல் வீடு திரும்பிய ஆயிரக்கணக்கான மக்களைப்பற்றியோ ஒரு வரியும் இராது. இவ்வாண்டுமலரில் அன்னார் கதையைக் கால்பந்தாட்ட வரலாற்றின் வழியே சிறிது எடுத்துரைக்க விழைகின்றோம். விளையாட்டுச் செய்திதானே என்று அன்பர்கள் இதனைத் தள்ளிவிடலாகாது. ஒரு மக்கட் கூட்டம் தன் தோல்வியை எவ்வாறு ஏற்கின்றது என்பதைக் கொண்டே அதன் உள்ளத்தின் உயரத்தை அளந்தறியலாம்.

பலவூர் மக்களின் ஒரே ஆட்டம்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் நமக்குக் கால்பந்து அயலார் பொருளன்று. இங்கே குடியேறிய ஒவ்வோர் இனத்தாரும் தத்தம் மூட்டை முடிச்சுகளோடு இவ்வாட்டத்தின்மீது கொண்ட பற்றையும் கொணர்ந்தனர் அல்லது இங்கு வந்து அதனை வளர்த்துக்கொண்டனர். நாட்டுப் பிரிவினையால் வீடிழந்த கிழக்கு வங்க மக்கள் 1949-ஆம் ஆண்டு முதல் கப்பல் கப்பலாக வந்திறங்கித் தெற்கு அந்தமானிலும், பின்னர் நடு அந்தமான், வடக்கு அந்தமான், நீல், ஹேவ்லாக் ஆகிய இடங்களிலும் காடு திருத்திக் கழனி கண்டனர். 1921-ஆம் ஆண்டின் மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளைமார் தம் ஊர்களின் நினைவாக மஞ்சேரி, திரூர், வண்டூர், மன்னார்காடு என்று இங்குள்ள சிற்றூர்களுக்குப் பெயரிட்டனர். மரம் வெட்ட வந்த இராஞ்சி மக்களும், பருமாவினின்று திரும்பிய நம்மவரும், இலங்கை மலையகத்தினின்று வந்து கச்சல் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் வேலை ஏற்ற தமிழ்க் குடும்பங்களும் இத்தீவுகளின் மக்களாயினர். கார் நிக்கோபார் மக்களுக்கோ கால்பந்து உயிரினும் இனியது என்பதை இங்குள்ளார் யாவரும் அறிவர்.

மொழி வேறு, உணவு வேறு, வழிபாடு வேறு. எனினும் பந்து ஒன்றே. ஆகையால் ஓர் அணி தோற்றால் ஒரு தெரு அழும். அடுத்த தெரு சிரிக்கும். மறுநாள் காலையில் இரு தெருவாரும் ஒரே கடையில் ஒரே பெஞ்சில் அமர்ந்து தேநீர் பருகியாக வேண்டும். இச்சிறு தீவில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் வாழ முடியாது. எனவே தோல்வியைத் தாங்கும் பண்பு நமக்கு அழகு மட்டுமன்று. கூடிவாழ்வதற்கு இன்றியமையாத கருவியுமாகும்.

வெண்ணிப் பறந்தலை கற்பித்த பாடம்

தமிழராகிய நாம் இப்பொருளில் வெறுங்கையரல்லேம். தஞ்சைக்கும் திருவாரூருக்கும் இடைப்பட்ட கோவில்வெண்ணி என்னும் ஊர், சங்க காலத்தில் வெண்ணி எனப் பெயர் பெற்றிருந்தது. அங்கே சோழன் கரிகாலனும் சேரமான் பெருஞ்சேரலாதனும் பொருதனர். கரிகாலன் வென்றான். சேரனுக்கு முதுகிலே புண் நேர்ந்தது. மார்பைத் துளைத்துச் சென்ற படைக்கலம் முதுகிலும் வடு செய்ததனால், அதனைப் புறப்புண் எனக் கருதி நாணி, அவன் வடக்கிருந்து உயிர் நீத்தான். அந்நாளில் வெண்ணியூரில் வாழ்ந்த குயத்தியார் என்னும் புலவர் வென்ற கரிகாலன் முன்னிலையிலேயே, அவனினும் தோற்ற சேரனே நல்லவன் என்று பாடினார். அப்பாட்டு புறநானூற்றில் உள்ளது. மட்பாண்டம் வனையும் குடியிற் பிறந்த ஒரு பெண்மணி வென்ற வேந்தனிடம் தோற்றவன் பெருமையைச் சொல்ல முடிந்தது. வென்றவனும் அதனைச் செவிமடுத்தான். தோற்றவனைப் போற்றும் பண்பிற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அப்போரின் மற்றொரு பக்கத்தையும் மறைத்தலாகாது. சேரன் வடக்கிருந்த செய்தி கேட்ட சான்றோர் சிலர் அவனோடு தாமும் உயிர் துறந்தனர் என்று அகநானூற்றில் மாமூலனார் குறிக்கின்றார். அன்பு மிகுந்தால் தோல்வி உயிரையும் குடிக்கும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் விளையாட்டுத் திடல்களில் இவ்விரு வழிகளும் காணப்படுகின்றன. ஒன்று குயத்தியார் வழி. மற்றொன்று உயிரை மாய்த்துக்கொள்ளும் வழி. எவ்வழி நமக்கு ஆகும் என்பதே இக்கட்டுரையின் வினா.

வெறுங்காலர் கண்ட இலண்டன்

இந்தியா விடுதலை பெற்று ஓராண்டும் நிறையாத காலம். 1948-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், இலண்டன் மாநகரை அடுத்த இல்ஃபோர்டு என்னுமிடத்தில், ஒலிம்பிக் பந்தயத்தில் இந்திய அணி பிரான்சு அணியை எதிர்த்து ஆடியது. அணித்தலைவர் நாகநாட்டைச் சேர்ந்த மருத்துவர் தாலிமெரன் ஆவோ. நம்மவருட் பெரும்பாலோர் பூட்சு அணியாமல் வெறுங்காலுடன் ஆடினர். அதனைக் கண்ட ஆங்கிலேயர் வியந்தனர். இது குறித்து வினவியபோது, எங்கள் நாட்டில் ஆடுவது காலால் ஆடும் பந்து, உங்கள் நாட்டில் ஆடுவது பூட்சால் ஆடும் பந்து என்னும் பொருள்பட ஆவோ விடை பகர்ந்ததாக ஒரு செய்தி இன்றும் வழங்குகிறது.

பிரான்சு முதலில் ஒரு கோல் போட்டது. ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கையில் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி இராமன் பந்தை வலைக்குள் செலுத்தி ஈடுசெய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியர் ஒருவர் போட்ட முதற்கோல் அதுவேயாகும். அவ்வாட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி உதைகள் கிடைத்தன. ஒன்றைச் சைலேன் மன்னாவும் மற்றொன்றை மகாவீர் பிரசாதும் உதைத்தனர். இரண்டும் கோலாகவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு இரண்டாவது கோலைப் போட்டு 2-1 என வென்றது.

இரண்டில் ஒன்று வலைக்குள் சென்றிருந்தாலும் வரலாறு மாறியிருக்கும் என்று எண்ணி எண்ணி ஏங்கிய இந்தியர் எத்துணையோ பேர். எனினும் இரசிகர் மன்னாவைத் தூற்றி ஒதுக்கவில்லை. மோகன் பகான் சங்கத்தில் அவர் தொடர்ந்து ஆடினார். 1951-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் புதுடெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுகளில் இந்திய அணிக்கு அவரே தலைவர். இறுதியாட்டத்தில் மேவாலால் போட்ட கோலால் ஈரானை 1-0 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது இந்தியா. பெனால்டியைத் தவறவிட்ட கால் மூன்றாண்டிற்குள் வெற்றி மேடையில் ஏறி நின்றது. 2012-ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது நாடு அவரை ஒரு பெருவீரராகவே நினைவுகூர்ந்தது. பிழைபட்ட ஒருவனுக்கு மீண்டும் ஒரு வாய்ப்பு அளிக்கும் பெருந்தன்மை அந்நாளைய இரசிகரிடம் இருந்தது என்க.

அடுத்த அடி 1952-ஆம் ஆண்டு எல்சிங்கியில் விழுந்தது. குளிர் மிகுந்த அந்நாட்டில் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய நம் அணி யூகோசிலாவியாவிடம் 1-10 எனத் தோற்றது. அத்தோல்வியின் பின்னரே பூட்சு அணிந்துதான் ஆடவேண்டும் என்னும் விதி நம் நாட்டில் வந்தது. 1911-ஆம் ஆண்டு ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் வெறுங்காலர் ஆங்கிலப் பட்டாளத்தாரை 2-1 என வென்ற பெருமிதத்தைக் கைவிடுதல் எளிதாயிருக்கவில்லை. பத்துக் கோல் வாங்கிய பின்னரே அது கைகூடிற்று. அப்பெரிய வெற்றி கற்பிக்காததை ஒரு பெரிய தோல்வி கற்பித்தது.

ஒருவன் தலையில் ஒரு நாட்டின் பாரம்

வேறொரு நாட்டின் கதையை இதனோடு ஒப்பு நோக்குவோம். 1950-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் பிரேசில் நாட்டின் இரியோ நகரிலே, புதிதாகக் கட்டிய மரக்கானா அரங்கில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் கூடியிருந்தனர். உலகக்கோப்பையைப் பெறப் பிரேசிலுக்கு வெற்றிகூட வேண்டியதில்லை. சமன் செய்தாலே போதும். பிரேசிலே முதற்கோலும் போட்டது. ஆயினும் உருகுவே ஈடுசெய்து, ஆட்டம் முடியப் பதினொரு நிமிடம் இருக்கையில் கிஜ்ஜியா என்பார் மற்றொரு கோல் போட 2-1 என வென்றுவிட்டது. அத்தனை பெரிய கூட்டம் மூச்சற்றதுபோல் அமைதியாயிற்று என்பர்.

பிரேசில் மக்கள் ஆறுதல் தேடுவதற்குப் பதிலாகக் குற்றவாளியைத் தேடினர். கோல் காவலர் பார்போசா அகப்பட்டார். அவர் திறமை மிக்கவர்; கறுப்பினத்தவர். அன்று தொடங்கிய பழி அவர் 2000-ஆம் ஆண்டு இறக்கும் வரையில் நீங்கவில்லை. தம் நாட்டின் சட்டப்படி மிக உயர்ந்த தண்டனை முப்பது ஆண்டே. தாமோ ஐம்பது ஆண்டு தண்டனை அனுபவிப்பதாக அவர் வருந்திக் கூறினார். அணி அன்று அணிந்த வெள்ளைச் சட்டையும் ஆகாததாகக் கருதப்பட்டுப் பின்னர் மஞ்சள் சட்டையாயிற்று. இன்று நம் தீவுச் சிறுவர் விரும்பியணியும் அம்மஞ்சள் நிறம் ஒரு தோல்வியின் பிள்ளை என்பதை எத்துணைப் பேர் அறிவர்?

அதே நாளில் அந்நாட்டின் ஒரு வீட்டில் வானொலி கேட்டு அழுத தந்தையைக் கண்டு ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், தான் உலகக்கோப்பையை வென்று தருவதாக ஆறுதல் கூறினான். எட்டாண்டுகளுக்குப் பின் 1958-ஆம் ஆண்டில் அவன் அச்சொல்லை நிறைவேற்றினான். அவனே பெலே. ஒரே தோல்வி, ஒரு பக்கம் ஐம்பதாண்டுப் பழி, மறு பக்கம் ஒரு சிறுவனின் உறுதி. தோல்வி தருவது ஒன்றுதான். அதனைக் கொண்டு நாம் செய்வதே வேறுபடுகின்றது.

மெல்போர்னும் உரோமாபுரியும்

1956-ஆம் ஆண்டு திசம்பர் மாதம் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் சையது அப்துல் இரகீமின் அணி, நெவில் டிசூசா போட்ட மூன்று கோல்களின் துணையால் ஆத்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதிக்குச் சென்றது. ஆசிய அணி ஒன்று ஒலிம்பிக் கால்பந்தில் அத்துணைத் தொலைவு சென்றது அதுவே முதன்முறை. அரையிறுதியில் யூகோசிலாவியாவுக்கு எதிராக இடைவேளைக்குப் பின் முதற்கோலைப் போட்டதும் இந்தியாவே. சில நிமிடங்கள் உலகமே வியந்தது. பின்னர் நான்கு கோல்கள் நம் வலைக்குள் விழுந்தன. மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் 0-3 எனத் தோற்று நம்மவர் பதக்கமின்றித் திரும்பினர்.

1960-ஆம் ஆண்டு உரோமாபுரியில் நம் உள்ளம் மேலும் நொந்தது. சிகந்தராபாத்தில் தமிழ்க் குடியிற் பிறந்த துளசிதாசு பலராமன் அங்கேரிக்கு எதிராக ஒரு கோல் போட்டார்; எனினும் 1-2 எனத் தோல்வி. அடுத்துப் பிரான்சை எதிர்த்துப் பி. கே. பானர்ஜி கோல் போட்டு முன்னணி தந்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் பிரான்சு ஈடுசெய்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் இல்ஃபோர்டில் கைநழுவியது மீண்டும் கைநழுவிற்று. பெருவிடம் பேணாத பேரரசுகளையும் திணறவைத்த அவ்வணியின் கோல் காவலர், மதராசுப் படைப்பிரிவிலே பயின்று வளர்ந்த பீட்டர் தங்கராசு ஆவார்.

அவ்வீரர் பலரும் இரண்டாண்டில் சகார்த்தா சென்றனர். 1962-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், இந்தியாவின் மேல் சினங்கொண்டிருந்த பெருங்கூட்டத்தின் கூச்சலுக்கிடையே, தென்கொரியாவை 2-1 என வென்று ஆசியத் தங்கத்தைக் கொணர்ந்தனர். நோயுற்றிருந்த இரகீம் அவ்வெற்றியைக் கண்டு அடுத்த ஆண்டு மறைந்தார். இல்ஃபோர்டு, எல்சிங்கி, மெல்போர்ன், உரோம் என்னும் நான்கு தோல்விகளையும் நீக்கிவிட்டுச் சகார்த்தாவின் வெற்றியை மட்டும் எழுதுவது, வேரை வெட்டிவிட்டுப் பூவைக் காட்டுவதாகும்.

கல்கத்தா சிந்திய கண்ணீர்

இந்தியக் கால்பந்தின் தாயகம் கல்கத்தா. நம் வங்க அண்டையர் உள்ளத்தில் இன்றும் அந்நகரின் இரு சங்கங்களே போர் புரிகின்றன. 1920-ஆம் ஆண்டு தோன்றிய ஈஸ்ட் பெங்கால், பிரிவினைக்குப் பின் ஊரிழந்து வந்தோரின் நம்பிக்கையாயிற்று. நாட்டையே இழந்தவர்க்குத் திடலில் கிடைத்த வெற்றி இழந்த மண்ணில் ஒரு பிடி போலும். அச்சங்கத்தின் முன்னணியிலே பஞ்ச பாண்டவர் எனப் போற்றப்பட்ட அகமது கான், அப்பாராவ், வெங்கடேசு, தன்ராசு, சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டினர் என்பது நமக்குத் தனிப்பெருமை. அகதியாய் வந்த வங்காளிக்கு ஆறுதல் தந்த கால்கள் தெற்கிலிருந்து வந்தவை.

1975-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் 0-5 என ஈஸ்ட் பெங்காலிடம் தோற்றது. இரசிகர் சினத்துக்கு அஞ்சி ஆட்டக்காரர் சிலர் அன்றிரவு வீடு செல்லவும் துணியவில்லை. இளைஞர் ஒருவர் அத்துயரம் தாளாது தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பெயரை ஈண்டுக் குறித்தல் தேவையில்லை. வெண்ணிச் செய்தி கேட்டு மாண்ட சான்றோரை எண்ணி நாம் வியக்கலாம். இவ்விளைஞரை எண்ணி வருந்தவே இயலும். இரண்டாண்டு பொறுத்திருந்தால், 1977-ஆம் ஆண்டு அதே மோகன் பகான் பெலே ஆடிய நியூயார்க்குக் காசுமாசு அணியோடு 2-2 எனச் சமன் செய்ததையும், அவ்வாண்டிலேயே கேடயத்தை மீட்டதையும் அவர் தம் கண்ணாற் கண்டிருப்பார். தோல்வியின் இரவில் விடியல் இல்லை என்று தோன்றும். விடியாத இரவு எங்கும் இல்லை.

1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் இவ்விரு சங்கங்களும் மோதியபோது பார்வையாளரிடையே மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் மாண்டனர். அன்று எவர் வென்றார் என்பதை இன்று எவரும் கேட்பதில்லை. மாண்டோர் நினைவாக அந்நாளில் கல்கத்தாவில் குருதிக்கொடை அளிக்கும் வழக்கம் ஏற்பட்டது. வெறியாற் சிந்திய குருதிக்கு ஈடாக அன்பாற் குருதி ஈயும் அவ்வழக்கம் இரு சங்க இரசிகரையும் ஒரு வரிசையில் நிறுத்திற்று. துயரத்தை அறமாக்கும் வழி அதுவே.

அண்மைக் காலத்துக் காயங்கள்

முன்னாளில் இத்தீவுக்குக் கப்பல் வரும் நாளே செய்தித்தாள் வரும் நாள். சென்னைக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். தோல்விச் செய்தி வந்து சேர்வதற்குள் அதன் சூடு பாதி தணிந்திருக்கும். இன்றோ அவ்வசதி இல்லை. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வழியே இணையத் தொடர்பும் வந்துவிட்டது. அங்கே விழும் கோல் அக்கணமே இங்கும் நெஞ்சில் விழுகின்றது.

அதே 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள் கோவாவில் இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டம். தொடக்கத்தில் பட்டியலின் அடியில் தடுமாறிய சென்னையின் அணி, இறுதிவரை ஏறி வந்து கொல்கத்தா அணியிடம் 1-3 எனத் தோற்றது. கொள்ளை நோயின் அச்சத்தால் அரங்கில் பார்வையாளரே இல்லை. அழுவதற்கும் ஆளில்லாத தோல்வி அது. தமிழரும் வங்கத்தாரும் அடுத்தடுத்து வாழும் நம் தீவில் இத்தகைய ஆட்டத்தின் சுவையும் கசப்பும் பெரிதினும் பெரிது. 2015-ஆம் ஆண்டு திசம்பரில், வெள்ளத்தால் நொந்திருந்த சென்னைக்கு அவ்வணி இறுதி நிமிடங்களில் கோவாவை 3-2 என வென்று ஆறுதல் தந்ததையும் நாம் மறக்கவில்லை; அன்று அழுதவர் கோவா மக்கள் என்பதையும் மறத்தலாகாது.

2024-ஆம் ஆண்டு சூன் 11-ஆம் நாள் தோகாவில் உலகக்கோப்பைத் தகுதியாட்டம். கத்தாரை 1-0 என முந்தியிருந்தது இந்தியா. பந்து கோட்டைத் தாண்டிய பின் உள்ளிழுத்துப் போட்ட கோலை நடுவர் ஏற்றனர். பின்னர் மற்றொரு கோலும் விழ, 1-2 எனத் தோற்று இந்தியா வெளியேறியது. திறமைக் குறைவால் வரும் தோல்வியை மனம் ஏற்கும். முறையற்ற தீர்ப்பால் வருவதை ஏற்பது அரிது. அந்நிலையிலும் அறம் தவறாமல் முறையிடுதலே வழி, கல்லெடுத்தல் வழியன்று.

நாம் கொள்ளவேண்டுவது

இவற்றினின்று நாம் கொள்ளத்தக்கன சில. முதலாவது, ஒருவன் தலையில் எல்லாப் பழியையும் சுமத்தலாகாது. பார்போசாவுக்குப் பிரேசில் செய்ததை நினைந்து, மன்னாவுக்கு இந்தியா செய்ததைப் பின்பற்றுவோமாக. இரண்டாவது, துயரைத் தனியே அடைத்து வைத்தல் தகாது. தோற்ற இரவில் தோழர் ஒருவர் வாயடைத்துத் தனித்திருந்தால், அவர் வீட்டுத் திண்ணையில் சென்று அமர்வது நம் கடன். மூன்றாவது, வென்ற அண்டையர்க்கு வாழ்த்துக் கூறுதல். வெண்ணிக் குயத்தியார் தோற்றவனைப் போற்றினார். நாம் வென்றவனையும் போற்றப் பழகுவோம். நான்காவது, மறுநாள் மாலை மீண்டும் திடலுக்குச் செல்லுதல்.

2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கி வந்து கார் நிக்கோபாரிலும் கச்சலிலும் செய்த கொடுமையை நாம் அறிவோம். இழப்பு என்பதன் முழுப்பொருளையும் கண்ட மக்கள் நாம். அதன்முன் ஒரு கோலின் இழப்பு எம்மாத்திரம்? எனினும் அத்துயரம் பொய்யன்று. சிறிய துயரத்தைத் தாங்கப் பழகியவனே பெரிய துயரம் வரும்போது பிறர்க்குத் தோள் கொடுப்பான். திருவள்ளுவர் இடுக்கணழியாமை என ஓர் அதிகாரமே வகுத்தார். அப்பாடத்தைப் பிள்ளைகள் ஏட்டில் படிப்பதோடு திடலிலும் படிக்கட்டும்.

1943-ஆம் ஆண்டு திசம்பர் 30-ஆம் நாள் நேதாசி மூவண்ணக் கொடி ஏற்றிய சிம்கானா மைதானம் இவ்வூரில் உள்ளது. அவர் நடத்திய போரும் களத்தில் வெற்றி காணவில்லை. ஆயினும் நான்காண்டிற்குள் நாடு விடுதலை பெற்றது. 2024-ஆம் ஆண்டு முதல் சிறீ விசயபுரம் எனப் பெயர் தாங்கும் இந்நகரின் இளைஞர், அத்தகைய மண்ணில் பந்து உதைக்கும்போது ஒன்றை நினைவிற் கொள்வாராக: தோற்றவர் பக்கம் நிற்க ஆளிருக்கும் வரையில், எத்தோல்வியும் முடிவாகாது.

வாழ்க தமிழ்! வளர்க தீவுவாழ் மக்களின் ஒற்றுமை!